வடிவாய் இருக்கு என்று நான் சொன்ன ரயர்கள்

தம்பி,

இன்னும் மூன்று கிழமையில் உனக்குக் கலியாணம். மண்டபம், சாப்பாடு, நீ கட்டப்போகிற மாரியின் பக்கத்துப் பிரெஞ்சு ஆட்களுக்கு உறைப்புக் குறைந்த கறி என்று எல்லாவற்றையும் பற்றித் தினமும் தொலைபேசியில் கதைக்கிறோம். ஒன்றைப் பற்றி மட்டும் ஆறு மாதமாக நான் வாய் திறக்கவில்லை. நேரே சொல்லிவிடலாம் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயன்றேன். நீ சோற்றைக் குழைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாய். அதற்குமேல் எனக்குச் சொல் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இது உன் ஜீப்பின் ரயர்களைப் பற்றிய கடிதம். கலியாணத்துக்கு முன் மகனுக்கு எழுத ஒரு தாய்க்கு வேறு விடயம் கிடைக்கவில்லையா என்று உனக்குத் தோன்றும். கொஞ்சம் பொறுத்து வாசி.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் பொறாமைக்காரி. உன் விடயத்தில் எப்போதுமே அப்படித்தான். உனக்கு நான்கு வயதாக இருந்தபோது நாங்கள் இதே நகரத்தில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் எனக்குப் பெட்டி அடுக்கும் வேலை. பகலில் உன்னைப் பிள்ளைகள் பார்க்கும் கார்டெரியில் விட்டுவிட்டு, பின்னேரம் கையில் கீரை மணத்தோடு உன்னை எடுக்க ஓடிவருவேன். நீ அங்கிருந்த பெண்ணின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று நிற்பாய். ஒருநாள் அவளை “மமோன்”, பிரெஞ்சில் அம்மா, என்று கூப்பிட்டாய். சின்னப் பிள்ளைகள் எல்லோரும் ஒருநாளைக்கு அப்படித் தடுமாறிக் கூப்பிடுவதுதான் என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்த மாதமே உன்னை வேறு கார்டெரிக்கு மாற்றினேன். நேரம் ஒத்துவரவில்லை என்று உன் அப்பாவுக்குச் சொன்னேன். புது இடத்தில் நீ இரண்டு கிழமை அழுதாய். நீ அழுதது எனக்கு நோகவே நொந்தது. ஆனால் நீ அழுதுகொண்டு ஓடிவந்தது என்னிடம்தான். அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு உன் அப்பா வேலைக்கென்று ரொறன்ரோ போனார். அங்கேயே வேறு ஒரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். நாங்கள் இருவரும் நகரின் ஓரத்தில் உள்ள பியர்பொன்ட்ஸுக்கு வந்தோம். உனக்கு ஒன்பது வயது நடக்கும்போது நான் பாடசாலை பஸ் ஓட்டப் பழகினேன். அந்த மஞ்சள் பஸ்ஸின் முன் இருக்கையில் ஜாக்கெற்றைப் போர்த்துக்கொண்டு நீ நித்திரை கொள்வாய். நான் வெளியே பஸ்ஸைச் சுற்றி நடப்பேன். பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு நாளும் அப்படிச் சுற்றிப் பார்த்தாக வேண்டும். லைற், கதவு, பிரேக் எல்லாம் பார்ப்பேன். ஆனால் என் கை அதிகம் நின்றது ரயரில்தான். வெட்டுப் பள்ளங்களுக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். முதலாவது பனிக்காலத்தில் ஒருநாள் அவசரத்தில் அப்படிப் பார்க்காமல் எடுத்தேன். ஒரு ரயரில் காற்று இறங்கியிருந்திருக்கிறது. பாடசாலைக்கு முன்னால் உள்ள இறக்கத்தில் பஸ் என் பேச்சைக் கேட்காமல் ஒரு காரளவு தூரம் சறுக்கிப்போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. அதன்பிறகு வந்த பனிக்காலம் ஒன்றிலும் நான் ரயரைப் பார்க்காமல் விட்டதில்லை. இந்த நகரத்தின் பனியை நான் கண்ணால் அறிந்ததை விட ரயரால் அறிந்ததுதான் கூட.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், போன செப்டெம்பரில் நீ சொன்ன ஒரு வார்த்தை இதற்குமேல்தான் வந்து விழுந்தது. மாரியின் அப்பா நொர்மான் நம்மை வடக்கே காட்டுக்குள் இருக்கும் தன் மரவீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நீ புதிதாக வாங்கிய பழைய ஜீப்பின் கீழே நீயும் அவரும் படுத்திருந்தீர்கள். நான்கு கால்கள்தான் வெளியே தெரிந்தன. நான் தட்டில் ரோல்ஸ் கொண்டு வந்தேன். நீ பிரெஞ்சில் சொன்னாய்: “இதெல்லாம் எனக்குச் சொல்லித்தர வீட்டிலை ஒருத்தரும் இருக்கேல்லை.” அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் தட்டை ஒரு மரக்குற்றியின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். நீ எதைப் பற்றிச் சொன்னாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மீன் பிடிப்பதாக இருக்கலாம், மரம் தறிப்பதாக இருக்கலாம். நான் கேட்கவும் இல்லை. “வீட்டிலை ஒருத்தரும் இருக்கேல்லை” என்பது மட்டும் காதில் நின்றுவிட்டது. அப்படியென்றால் பஸ்ஸைச் சுற்றி நடந்த அந்தப் பெண் யார் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

நொர்மானில் ஒரு பிழையும் இல்லை. மின்கம்பம் ஏறி வேலை செய்து ஓய்வுபெற்ற மனுசன், பெரிய கை, மெதுவான பேச்சு. “மடாம்” என்று எழுந்து நின்று கதவு திறந்துவிடுவார். பிழை இல்லாத ஆளில் பொறாமைப்படுவது இன்னும் கஷ்டம், தம்பி. குறை சொல்லி ஆறவும் வழியில்லை. நீ அவரோடு கதைக்கும்போது உன் குரல் மாறும். என்னோடு “ஓம் அம்மா, சரி அம்மா” என்று அவசரமாக முடிக்கும் நீ, அவரிடம் கேள்விமேல் கேள்வி கேட்பாய். வாரத்தில் மூன்று தரம் அவருக்குத் தொலைபேசி எடுப்பாய். அதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

காட்டுப் பாதைக்குப் பெரிய ரயர் போடப்போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் ஒரு வேலையை இரகசியமாகத் தொடங்கினேன். நீ இங்கு தங்கியிருந்த காலைகளில், பஸ்ஸுக்குப் போகமுதல், வாசலில் மழைக்கோட்டோடு முழங்காலில் இருந்து உன் ஜீப்பின் ரயர்ப் பக்கத்தில் உள்ள இலக்கங்களை ஒரு தாளில் எழுதினேன். பஸ் நிற்கும் யார்ட்டில் மெக்கானிக்கிடம் கேட்டேன். இரண்டு கிழமை யோசித்தேன். உயரம் கூட்டாத வண்டிக்குப் பெரிய ரயர் போட்டால் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது உள்ளே உரசும். பாரம் கூடி பிரேக் பிடிக்கிற தூரம் நீளும். ஸ்பீட் மீற்றர் உண்மையை விடக் குறைத்துக் காட்டும். நீ கிழமையில் ஆறு நாள் நெடுஞ்சாலையில் ஓடுகிறாய். ஒரு நாள்தான் காட்டுக்குள் போகிறாய். அந்த ஒரு நாளுக்காக மற்ற ஆறு நாளையும் கெடுக்கக் கூடாது என்று எழுதி வைத்தேன். அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு சாதாரணமாகத் தாளை எடுத்து உன் முன்னால் வைப்பது என்றும், நீ ஆச்சரியப்படுவாய் என்றும் கற்பனை செய்திருந்தேன். கணவாய்க் கறி வைத்தேன். உனக்குப் பிடிக்கும்.

அந்த ஞாயிறு நீ வரும்போதே தெருமுனையில் சத்தம் கேட்டது. ஊஊ என்று ஒரு இரைச்சல். சேற்று ரயர் தார் றோட்டில் ஓடினால் அப்படித்தான் கேட்கும். நீ வாசலில் நிறுத்திவிட்டு ஹோர்ன் அடித்தாய்.

“அம்மா, இஞ்சை வந்து பாருங்கோ! நொர்மான் தன்ர பழைய ட்ரக்கிலை இருந்ததைத் தந்தவர். புதுசு மாதிரி. நாங்கள் ரெண்டு பேருமாய்ப் போட்டனாங்கள். எப்பிடி இருக்கு?”

நான் செருப்போடு இறங்கி வந்து சுற்றி நடந்தேன். பழக்கம். மூன்று விடயம் கண்ணில் பட்டது. ஒன்று, அவை உன் வண்டிக்கு இரண்டு அளவு பெரியவை. இரண்டு, முன் சக்கரத்துக்குள் இருந்த பிளாஸ்ரிக் மறைப்பில் ஏற்கெனவே உரசிய கோடு. மூன்றாவதுதான் முக்கியமானது. பனிக்கு ஏற்ற ரயரின் பக்கத்தில் மூன்று முனை உள்ள ஒரு மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கும். பஸ்ஸில் நான் நாளுக்கு நாள் தடவிப் பார்க்கும் அடையாளம் அது. இதில் இல்லை. நான்கிலும் இல்லை. அந்த ரயரில் துருத்தி நிற்கும் பெரிய ரப்பர்க் கட்டிகள் சேற்றைத் தள்ளும். ஆனால் குளிரில் கல்லாக இறுகும், பனியில் பிடிக்காது. பெரிய கட்டி என்றால் பெரிய பிடி என்று ஆண்கள் நம்புகிறார்கள். பனியைப் பிடிப்பது மென்மையான ரப்பரும் அதில் கத்தியால் கீறினதுபோல் இருக்கும் சின்னச் சின்ன வெட்டுகளும்.

என் தாள் உடுப்பின் பைக்குள் இருந்தது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

“வடிவாய் இருக்கு தம்பி” என்றேன்.

“பாத்தனீங்கள்தானே வடிவாய், கவனமாய்?”

“பாத்தன். வடிவாய் இருக்கு. வா, கறி ஆறப்போகுது.”

இதுதான் நான் உனக்குச் சொல்லவேண்டியிருந்தது. நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை. உனக்கு ஏதும் நடக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை; அதை நீ நம்பவேண்டும். ரயர் உரசும், இரைச்சல் தாங்காமல் அலுத்துப்போகும், அப்போது நொர்மானின் கெட்டித்தனம் இவ்வளவுதான் என்று உனக்குத் தெரியவரும், நீ என்னிடம் வந்து கேட்பாய். இப்படித்தான் என் மனம் கணக்குப் போட்டது. டிசம்பர் முதலாம் திகதிக்குள் சட்டப்படி பனி ரயர் மாற்றத்தானே வேண்டும், அதற்கு முன் பெரிய பனி வராது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். பனி கலண்டர் பார்த்து வருவதில்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

நவம்பர் கடைசியில் ஒரு வியாழன். மரவீட்டைக் குளிருக்குப் பூட்டிவிட்டு வருகிறோம் என்று நீயும் மாரியும் போனீர்கள். மத்தியானம் பனி கொட்டத் தொடங்கியது. நான் பின்னேரப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். பஸ் ஓடும்போது தொலைபேசியைத் தொடமாட்டேன். அது என் இருக்கைக்குப் பின்னால் பைக்குள் இருந்தது. முன் வரிசையில் ஒரு சின்னப் பெண், “மடாம், உங்கட பை நடுங்குது” என்றாள். விடு பிள்ளை என்றேன். திரும்பத் திரும்ப நடுங்கியது. அவள் ஒவ்வொரு தரமும் எனக்கு அறிவித்தாள். அப்போதும் ஒவ்வொரு தரிப்பிலும் நிறுத்தி, கை காட்டி, பிள்ளைகள் வீதியைக் கடக்கும்வரை பார்த்து, மொத்தம் பதினொரு தரிப்பு. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாக ஓட்டியதில்லை. அவ்வளவு கெட்ட மனுசியாக என்னை உணர்ந்ததும் இல்லை. ஏனென்றால் எடுத்துப் பார்க்காமலே எனக்குத் தெரியும், அது ரயர் என்று.

கடைசிப் பிள்ளை இறங்கியபிறகு தொலைபேசியைப் பார்த்தேன்; எல்லாம் நொர்மானின் அழைப்பு. அவருக்கு எடுத்தேன். இறக்கத்து வளைவில் ஜீப் நேரே போய்ப் பள்ளத்துக்குள் இறங்கி ஒரு மரத்தில் மோதியது என்றார். உனக்கு நெற்றியில் காயம். மாரிக்குக் காறை எலும்பு உடைந்துவிட்டது. நான் ஒன்றரை மணித்தியாலம் ஓட்டி அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ சுவரில் சாய்ந்து நின்றாய். நொர்மான் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு, “என்னாலை வந்தது, எல்லாம் என்னாலை” என்று அழுதார். நீ அவரைப் பார்க்காமல், “ஓம், நீங்கள்தானே தந்தனீங்கள்” என்றாய். எனக்கு அப்போது என்ன வந்தது தெரியுமா? மாரி உள்ளே வலியில் கிடக்கிறாள். உன் நெற்றியில் இரத்தம் காயவில்லை. எனக்குள் ஒரு மூலையில் சந்தோசம் வந்தது. வந்து போக ஒரு விநாடிகூட ஆகவில்லை. ஆனால் வந்தது. அதை இந்த ஆறு மாதமும் நான் மறக்கவில்லை.

அதன் பிறகு வந்த பனிக்காலம் என் வாழ்க்கையிலேயே இனிமையான பனிக்காலம். அதுதான் எனக்கு வெட்கம். ஜீப்பைத் திருத்தக் கொடுத்த இடத்தில் நான் ரயர்களைப் பற்றி அந்த ஆளோடு கதைத்ததைக் கேட்டு, “அம்மா, உங்களுக்கு இவ்வளவு தெரியுமோ?” என்று வாயைப் பிளந்தாய். கொஞ்சம் தெரியும் என்றேன். பனி ரயரை நாங்கள் இருவரும் சேர்ந்து தெரிவு செய்தோம். ஞாயிறு தவறாமல் வந்தாய். காற்று எவ்வளவு விடுறது, பற்றறிக்கு என்ன செய்யிறது என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்டாய். கேட்கக் கேட்க எனக்கு ஒரு பயமும் இருந்தது. இவ்வளவு தெரிந்தவ அண்டைக்கு ஏன் சொல்லேல்லை என்று ஒருநாள் நீ கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. என்னைச் சந்தேகிக்க உனக்குத் தோன்றவே இல்லை. நொர்மானின் வீட்டுக்கு நீ போவதை நிறுத்தினாய். மாரி தோள் பட்டியோடு வந்து என் குசினியில் இருந்து, தான் வேலை செய்யும் கார்டெரியில் ஒரு பிள்ளையைத் தூக்க முடியவில்லை என்றும், அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னாள். அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

போன கிழமை ஐயர் கலியாண ஒழுங்குகளைப் பற்றிக் கதைக்க வந்தார் அல்லவா? தாரை வார்க்கப் பெண்ணின் தகப்பன் மணவறையில் இருக்கவேண்டும் என்று சொல்லி அவருடைய பெயரைக் கேட்டார். “அவர் இருக்க மாட்டார். மாரியின்ரை சித்தப்பா இருப்பார்” என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். தனக்கு அந்த இடத்தில் இருக்கத் தகுதியில்லை என்று நொர்மானே சொன்னதாகவும், நீ மறுத்துப் பேசவில்லை என்றும் பிறகு மாரி சொல்லித்தான் அறிந்தேன். ஒரு மனுசன் தன் ஒரே மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கும் இடத்திலிருந்து விலகி நிற்கிறார். நான் சொன்ன ஒரு பொய்யால். சனிக்கிழமை காலை அவரிடம் ஓட்டிக்கொண்டு போனேன்.

மாரியின் அம்மா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். நொர்மான் தனியாக இருந்தார், மெலிந்திருந்தார். என்னுடைய பிரெஞ்சு உனக்குத் தெரியும்தானே, பஸ் பிரெஞ்சு. இருங்கள், தள்ளாதீர்கள், பையை மறக்காதீர்கள். கேட்டால் விளங்கும், சொல்ல வருவது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு சொன்னேன். நான் அந்த ரயரைப் பார்த்தேன். பனி அடையாளம் இல்லை என்று தெரியும். மகனுக்குச் சொல்லவில்லை.

“ஏன்?” என்றார்.

பதிலுக்கான பிரெஞ்சுச் சொல் எனக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸில் பிள்ளைகள் ஆளையாள் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் சொல்தான். “ஜலூஸ்” என்றேன். பொறாமை.

அவர் கதிரையைப் பின்னால் தள்ளினார். பிறகு, “என்ரை மகளின்ரை எலும்பு, மடாம்” என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நல்லது போல இருந்தது. எழுந்து போய் யன்னலோடு நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டே அவர் சொன்னதை நான் உனக்கு அப்படியே சொல்கிறேன். “ரயரைக் கொடுத்தபோது, இதைச் சேற்றுக் காலத்துக்கு மட்டும் வை, பனிக்கு முன் உன் அம்மாவிடம் காட்டு, அவ பனியில் பிள்ளைகளை ஏற்றி ஓட்டுறவ, என்னைவிட அவவுக்குத் தெரியும் என்று அவனிடம் சொன்னேன். ஞாயிறு பின்னேரம் அவன் எனக்கு எடுத்து, அம்மா சுற்றிப் பார்த்தவ, நல்லா இருக்கெண்டு சொன்னவ என்றான். அதனால்தான் நான் பிறகு கேட்கவில்லை.”

தம்பி, நீ அன்று பெருமை காட்ட என்னைக் கூப்பிடவில்லை. கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாய். நான் எதற்காக ஏங்கிக்கொண்டிருந்தேனோ அதை நீ என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். நான் கறி ஆறப்போகுது என்று சொல்லி உள்ளே போயிருக்கிறேன்.

“அவன் உங்களில் குற்றம் சொல்ல, இதை ஏன் நீங்கள் ஆறு மாதமாய் அவனுக்கு நினைவுபடுத்தவில்லை?” என்று கேட்டேன்.

“நீங்கள் கவனிக்காமல் விட்டதாக்கும் என்று நினைத்தேன். எனக்கும் தவறாத கண் இல்லையே. அதோடு, சொன்னால் அவன் உங்களோடு கோபிப்பான். அவனுக்கு இருக்கிறது நீங்கள் மட்டும்தான். நான் புது ஆள், எனக்குத் தாங்கும்” என்றார்.

அவர் அப்படிச் சொன்ன நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் வந்தது என்றால் நம்புவாயா? இந்த மனுசனுக்கு இருந்த பெருந்தன்மை உன்னைப் பெற்ற எனக்கு இல்லையே என்று. நான் அழுதேன். அவர் கோப்பி வைத்தார். சீனியை மறந்துபோனார். நான் கேட்கவில்லை.

இரண்டாவது கோப்பியோடு, “சரி, நீங்கள் என்றால் எதைப் போட்டிருப்பீர்கள்?” என்று கேட்டார். கோபம் போய்விடவில்லை, ஆனால் அவருக்கு உண்மையாகவே அறிய ஆசை இருந்தது. கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் குடிபோகிற வீட்டுக்கு எட்டுக் கிலோமீற்றர் கல் பாதை. அதைக் கணக்கில் எடுத்துக் கதைத்தோம். சேற்று ரயர் வேண்டாம், எல்லா நிலத்துக்கும் ஓடுகிற நடுத்தரமானது போதும், பக்கத்தில் அந்த மலையும் பனிப்பூவும் கட்டாயம் இருக்கவேண்டும் என்றேன். அதை அவர் உடனே ஒத்துக்கொண்டார். அளவில்தான் சண்டை. அவர் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திப் பெரியது போடலாம் என்றார். நான் மேசையில் தட்டி, உயர்த்தினால் வளைவில் சாயும், உயர்த்தாதேங்கோ என்றேன். கடைசியில் இப்போதுள்ளதைவிட ஒரே ஒரு அளவு பெரிதாக, அகலம் கூட்டாமல், என்று முடித்தோம். மிகப் பாரமான தடித்த ரயரும் வேண்டாம். உன் வண்டி லொறி இல்லை. அப்படிப்பட்டது கல்லுக்கு மேல் வளைந்து கொடுக்காமல் உன் இடுப்பைத்தான் உடைக்கும். அதற்குப் பதிலாக அடியில் எண்ணெய்த் தொட்டியைக் காக்கும் ஒரு இரும்புத் தட்டு, இழுத்தெடுக்க முன்னும் பின்னும் ஒழுங்கான கொக்கி, கையடக்கக் காற்றுப் பம்பி. அந்தத் தட்டு அவருடைய யோசனை, எனக்குத் தோன்றவில்லை. ஐந்தாவது ரயரும் மற்ற நான்கின் அளவிலேயே இருக்கவேண்டும் என்றது நான், அவருக்குத் தோன்றவில்லை.

இவைதான் உனக்கு எங்கள் இருவரின் கலியாணப் பரிசு. அவருடைய கொட்டகையில் இருக்கின்றன. போட்ட பிறகு ஒரு வெறும் வளவில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஒரு ஆள் குனிந்து பார்க்க, உரசுதா என்று பார். நூறு கிலோமீற்றருக்குள் நட்டுகளைத் திரும்ப இறுக்கு. கல் பாதையில் காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓடு, தார் றோட்டில் ஏறமுதல் திரும்ப நிரப்பு. அதில் சோம்பல்படாதே. இன்னுமொன்று. மாரி எதையாவது காட்டி எப்படி இருக்கு என்று கேட்டால், அவள் எதைக் கேட்கிறாள் என்று ஒரு விநாடி நின்று யோசித்துவிட்டுப் பதில் சொல்லு. நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி அவ்வளவுதான்.

மாரியிடம் நானே சொல்லி மன்னிப்புக் கேட்கப்போகிறேன். நாளைக்கு அவள் வேலை முடிந்து வரும்போது போய் நிற்பேன். நீ என்னோடு கோபித்தால் அது சரிதான். ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு இல்லாமல் போகலாம். அதை நினைத்துத்தான் இரண்டு தரம் வாய் மூடினேன். கலியாணத்தில் என்னை எங்கே இருத்தினாலும் இருப்பேன். ஆனால் மணவறையில் மாரியின் கையைப் பிடித்து உன் கையில் வைக்கவேண்டியது அவளுடைய அப்பா. அவர் தானாக வரமாட்டார். நீ கூப்பிட்டால்தான் வருவார்.

இதை வாசித்து முடித்தவுடன் எனக்கு எடுக்காதே. முதலில் நொர்மானுக்கு எடு. எவ்வளவு நேரம் கதைக்கவேண்டுமோ அவ்வளவு நேரம் கதை. எனக்குப் பேந்து எடுக்கலாம். நான் இங்கே தொலைபேசிக்குப் பக்கத்தில்தான் இருப்பேன், நீங்கள் இருவரும் இவ்வளவு நேரமாய் அப்படி என்னதான் கதைக்கிறீர்கள் என்று பொறாமைப்பட்டுக்கொண்டு.

அம்மா